பீடோங் பஸ் டிரைவர்

என் புருஷன் அழகேசனுக்கு ஸ்டியரிங்கைத் தவிர இந்த உலகத்தில் வேறு எதையும் ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. சட்டியைப் பிடித்தால் கீழே போடுவார். மண்வெட்டியைப் பிடித்தால் காலில் வெட்டிக்கொள்வார். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ராஜாதான். காக்கிக் கால்சட்டை, தொப்பி, மேல்பையில் ஒரு சீப்பு. பீடோங்கில் கிளம்பி சுங்கைப்பட்டாணி போய், அங்கிருந்து கோத்தா கோலா மூடா கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பும் அவர் பஸ். கம்பெனி மெய்யப்பன் செட்டியாருடையது என்றாலும் ஊரில் எல்லாரும் அதை அழகேசன் பஸ் என்றுதான் சொல்வார்கள்.

நான் சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினவள். டிரைவர் மாப்பிள்ளை பெண் கேட்டு வந்தபோது கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேருக்கு வயிறு எரிந்தது. மீதிப் பேர் என் அம்மாவிடம் வந்து சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் எரிந்தார்கள். எனக்கு மட்டும் பெருமை இல்லையா? கொஞ்சநஞ்சமா இருந்தது! தினமும் சாயங்காலம் பசாருக்கு முன்னால் இருக்கிற வளைவில் ரப்பர் குமிழ் ஹாரனை இரண்டு தடவை அமுக்குவார். அது எனக்கு. அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பில் கோப்பிக்குத் தண்ணீர் வைப்பேன்.

ஜப்பான்காரன் வந்தான். எல்லாம் நாசமாய்ப் போயிற்று.

செட்டியாரிடம் இருந்த பஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸோடு டிரைவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன டிரைவர் ஒருத்தனும் திரும்பவில்லை. இவருடைய பஸ் மட்டும் ஷெட்டிலேயே நின்றது. காரணம் இவர்தான். முதல் பஸ் போன அன்றைக்கே இவர் பானட்டைத் திறந்து கார்ப்ரேட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு கைக்குள் அடங்குகிற இரும்புச் சாமான். பெட்ரோலும் காற்றும் அதில்தான் கலக்குமாம். அது இல்லாவிட்டால் இன்ஜின் ஒரு தும்மல்கூடப் போடாதாம். ஜப்பான் மெக்கானிக் வந்து பானட்டைத் திறந்து பார்த்தான், என்னவோ திட்டினான், போய்விட்டான். கார்ப்ரேட்டர் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் கிடந்தது. பானையில் அரிசி இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சரி, பஸ் தப்பித்தது. மனுஷன் தப்பிக்க வேண்டாமா?

வேலை இல்லாமல் சும்மா இருக்கிற ஆம்பளையைத்தான் சயாமுக்குப் பிடித்துப்போனார்கள். ரயில் ரோடு போடுகிற வேலை, அரிசி கிடைக்கும், துணி கிடைக்கும், கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி சுப்பிரமணியம் வீடு வீடாக வந்து சொன்னான். என் தம்பி அம்மாசி முதல் கூட்டத்தில் போனான். துவைத்த சட்டை போட்டு, தலையைப் படியச் சீவிக்கொண்டு, "வர்றப்ப உனக்கு ஒரு சேலை வாங்கியாறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் ஒரு சேதியும் இல்லை. அங்கிருந்து காட்டு வழியாகத் தப்பித்து வந்த ஒருவன் எங்கள் தோட்டத்து லயத்தில் ஒளிந்திருந்தான். வாந்திபேதியில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாவதாகச் சொன்னான். அம்மாசியைப் பார்த்தாயா என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கேட்டான்.

அதற்கப்புறம் எனக்கு ஒரே நினைப்புதான். இவரைச் சயாமுக்கு விடக்கூடாது. கையில் ஏதாவது ஒரு தொழில் இருக்க வேண்டும். பீ அள்ளுகிற வேலையானாலும் சரி.

இவர் என்ன செய்தார் தெரியுமா? தினமும் காலையில் காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய், ஓடாத பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் பரஞ்சோதி உட்காருவான். அவனும் டிரைவர்தான், மாற்று ஆள், இவருக்கு இளையவன், இவரிடம் தொழில் கற்றவன். இரண்டு பேரும் சேர்ந்து அடுத்து என்ன வேலைக்குப் போகலாம் என்று பேசுவார்கள். பேச்சுதான். ஒருநாள் அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொண்டு போனபோது அந்தப் பேச்சை என் காதாலேயே கேட்டேன்.

"அண்ணே, சோப்பு காய்ச்சலாம்னு பாக்குறேன்" என்றான் பரஞ்சோதி. "எண்ணெயும் சாம்பத்தண்ணியும் போதும்லா."

"காய்ச்சி? துவைக்கிறதுக்கு எவன்கிட்டடா துணி இருக்கு? ஊரே சாக்கைக் கட்டிக்கிட்டு அலையுது."

"அப்ப முடி வெட்டலாமா?"

"உன் கையில கத்தரிக்கோலைக் குடுத்தா காதுதான் போகும்."

"கள்ளு எறக்கலாம்ண்ணே."

"மரத்துல ஏறினா எனக்குத் தலை சுத்தும்."

"வளைவுல பஸ்ஸைப் பறக்க விடுறப்ப சுத்தலையாக்கும்?"

"அப்ப ஸ்டியரிங் கையில இருக்குல்ல?" என்று சொல்லி இவர் அந்தச் சக்கரத்தைத் தடவிக் கொடுத்தார். என் பிள்ளையைத் தடவியதுபோல இருந்தது. எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது. கிழங்குச் சட்டியைப் பஸ் படியில் நங்கென்று வைத்தேன்.

"ஏன் ரெண்டு பேரும் நிறுத்திட்டீங்க? சோதிடம் பாக்கலாம், கூத்து கட்டலாம், அதையும் பேசி முடிச்சிடுங்க! அதுக்குள்ள கிராணி வந்து லாரில ஏத்திட்டுப் போயிடுவான். அம்மாசி போன மாதிரி நீங்களும் போங்க. எனக்கென்ன, பொட்டை அழிச்சுட்டு உக்காந்துக்கிறேன்."

"இராசாத்தி, வாய அடக்குடி" என்றார் இவர். "நான் டிரைவர். சண்டை முடிஞ்சதும் இதே பஸ்ஸு ஓடும். அதுவரைக்கும் பொறுக்க முடியாதா உன்னால?"

"பொறுக்கிறதுக்கு நீங்க உசுரோட இருக்கணும்ல!"

பரஞ்சோதி கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். கோத்தா கோலா மூடாவில் பாக் டின் என்ற மலாய்க்காரர் கடல் தண்ணீரைப் பீப்பாயில் காய்ச்சி உப்பு எடுக்கிறாராம். ஜப்பான் பட்டாளத்துக்குக் கருவாடு போட உப்பு வேண்டும். அதனால் அங்கே வேலை செய்கிறவனுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைத் துணி கொடுக்கிறார்கள், ஜப்பான் எழுத்துப் போட்டு. அந்தத் துணி கட்டியவனை ஆள்பிடிக்கிறவர்கள் தொடமாட்டார்கள்.

"இதை முதல்ல சொல்லக்கூடாதா தம்பி? சோப்பாம் சோப்பு!" என்றேன்.

இவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் பயணிகளைக் கொண்டுபோய் இறக்கிய அதே கடற்கரையில் கோவணத்தைக் கட்டிக்கொண்டு உப்புக் காய்ச்சுவதா என்பது அவர் கவலை. எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் அழுதேன், காலைப் பிடித்தேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

கிளம்புகிற அன்றைக்கு அரிசிப் பானைக்குள் கைவிட்டு அந்தக் கார்ப்ரேட்டரை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "இது வீட்டுல இருந்தா ஒருநாள் உங்க தலைக்குத்தான் வினை. போற வழியில மூடா ஆத்துல போட்டுடுங்க. என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

அவர் அதைத் துணியில் சுற்றினார். என் தலைமேல் கை வைத்தார். அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது போட்டாயிற்றா என்று கேட்டேன். "போட்டாச்சுடி" என்றார். கை முழுவதும் உப்பில் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பாவம், இனி வேறு கேள்வி கேட்கக்கூடாது என்று தேங்காய் எண்ணெய் தேடிப்போனேன். எண்ணெய் எங்கேயும் கிடைக்கவில்லை.

உப்பு வேலையில் அவர் இளைத்துக் கறுத்துப்போனார். வீட்டுக்கு வந்தாலும் பேச்சு இல்லை. பரஞ்சோதி மட்டும் பேசுவான். எந்த நேரத்தில் தீயைக் குறைக்க வேண்டும், எப்போது சுரண்ட வேண்டும் என்றெல்லாம் அவன் கற்றுக்கொண்டுவிட்டான். அவனுக்கு வந்தது, இவருக்கு வரவில்லை. பாக் டின் இவரை "டிரேபர்" என்றுதான் கூப்பிடுவாராம், மலாயில் டிரைவர் என்று. கேலிக்குத்தான். இவர் அதற்கு மட்டும்தான் திரும்பிப் பார்ப்பாராம். பரஞ்சோதி சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கையில் அந்த வெள்ளைத் துணி இருந்தது. எனக்கு அது போதும். ராத்திரி தூங்கினேன்.

ஆயுத பூசை வந்தது. வழக்கமாக அன்றைக்கு ஷெட்டில் திருவிழாதான். பஸ்களைக் கழுவி, வாழை கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். அவரவர் தொழில் சாமானை வைத்துக் கும்பிடுவார்கள். வைத்ததை மறுநாள் காலையில் மறுபூசை போடும்வரைக்கும் யாரும் தொடக்கூடாது. செட்டியார் அந்த வருஷமும் பூசை போடுவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஆட்களும் வந்தார்கள். அந்தக் கூத்தை என்ன சொல்ல! பழைய கண்டக்டர் மரவள்ளி தோண்டுகிற கொத்தைக் கொண்டுவந்து வைத்தான். பஸ் கழுவுகிறவன் விளக்குமாற்றை வைத்தான். பரஞ்சோதி உப்புச் சுரண்டியைத் தேய்த்துப் பொட்டு வைத்துக் கொண்டுவந்திருந்தான். ஓடாத பஸ்ஸின் சக்கரத்துக்கு அடியில் செட்டியார் தன் கையாலேயே எலுமிச்சம்பழம் வைத்தார். வைத்துவிட்டு நிமிர முடியாமல் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இவர் மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தார்.

கார்ப்ரேட்டர். சாம்பல் போட்டுத் துலக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்திப் பூ வேறு. பஸ்ஸுக்கு முன்னால், சாமி படத்துக்கு நேரே அதை வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

அடப்பாவி மனுஷா! என் தலைமேல் அடித்துச் சத்தியம் பண்ணினாயே!

"எடுங்க அதை" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "உப்புச் சுரண்டிய வைங்க. உங்களுக்கும் ஒண்ணு இருக்குல்ல?"

"உப்புக்கு எந்த ஊருலடி ஆயுத பூசை?" என்றார். "வருஷத்துக்கு ஒரு நாள். இன்னிக்காவது நான் யாருன்னு சாமிக்குத் தெரியட்டும்."

நான் எடுக்கக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சுற்றி இருந்த பெண்களும், "வேணாம்மா, வச்சதைத் தொடாதே, குத்தம்" என்றார்கள். அதற்குள் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள்.

கற்பூரம் அணைவதற்குள் ஷெட் வாசலில் ஜப்பான் சிப்பாய்கள் நின்றார்கள். வாள் வைத்த ஒரு தலைவன், கூடவே மொழிபெயர்க்கிற சுப்பிரமணியம் கிராணி. சிடாம் கிரியிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த லாரி வழியில் படுத்துவிட்டதாம். பிடித்த ஆட்களை ரோட்டில் உட்கார வைத்திருந்தார்கள். சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனில் ரயில் காத்துக்கொண்டிருந்தது. ஷெட்டில் கூட்டம் இருப்பதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பேர் கிடைப்பார்கள் என்று வந்திருக்கிறார்கள்.

எல்லாரும் குனிந்து வணங்கினோம். தலைவன் ஒவ்வொருவர் கையாகப் பார்த்தான். துணி இல்லாதவர்களைச் சிப்பாய்கள் இழுத்து ஒரு பக்கம் நிறுத்தினார்கள். கண்டக்டர் போனான், பஸ் கழுவுகிறவன் போனான். பரஞ்சோதி கையைப் பார்த்தான், விட்டான். இவர் கையைப் பார்த்தான், விட்டான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. சாமி, உனக்குக் கோடிக் கும்பிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் அவன் கண் கீழே போனது. பூட்ஸ் காலால் செம்பருத்தியைத் தள்ளிவிட்டுக் குனிந்து அந்தக் கார்ப்ரேட்டரை எடுத்தான். பஸ்ஸைப் பார்த்தான். மறுபடியும் கையில் இருந்ததைப் பார்த்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான்! கிராணியிடம் ஏதோ சொன்னான்.

"இது யாருது?" என்று கேட்டான் கிராணி. "பயப்படாதீங்க. துவானுக்கு, இந்த ஜப்பான் துரைக்கு, இப்ப வண்டி வேணும், அவ்வளவுதான். ஓட்டத் தெரிஞ்சவன் யாராவது இருந்தா இந்த பஸ்ஸு இனிமே அவன் கையிலதான். பெட்ரோல் துவான் குடுப்பாரு. தினமும் ஓட்டலாம். டிரைவரைச் சயாமுக்கு அனுப்ப மாட்டாங்க. ஸ்டேஷன்ல ஆளை எறக்கிட்டுத் திரும்பி வந்துடலாம்."

பரஞ்சோதி வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு தன் உப்புச் சுரண்டியைப் பார்த்தான். நான் இவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வாயத் திறக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாயத் திறக்காதீங்க" என்று முணுமுணுத்தேன். அவர் கை நடுங்கியது. பயத்தில் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கல்யாணத்தன்று மணவறையில் பார்த்த முகம் அது.

கையை உருவிக்கொண்டு முன்னால் போனார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மலாயில் சொன்னார்: "சாயா டிரேபர்." நான்தான் டிரைவர்.

பிறகு உப்புத் துணியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். "பத்திரமா வையி. பாக் டின்கிட்ட திருப்பிக் குடுக்கணும். இனிமே நமக்கு எதுக்கு?"

"கட்டிக்கிட்டே ஓட்டுங்க. இதைக் கட்டிக்கிட்டு பஸ் ஓட்டக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

"உப்புக் கூலி ஓட்டுறான்னு நினைப்பாங்கடி" என்றார்.

மண்ணில் விழுந்து அழுதேன். அவர் காதில் விழவில்லை. பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுவிட்டார். மஞ்சள் பொட்டோடு அந்தச் சாமானை மாட்டினார். சிப்பாய்கள் டயருக்குக் காற்று அடித்தார்கள், பெட்ரோல் ஊற்றினார்கள். இவர் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். பஸ் இருமியது, அடங்கியது, மறுபடி இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டு முழங்கியது. உப்புக் காய்ச்சப் போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சிரித்தார். ஏறி உட்கார்ந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த தன் பழைய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ரோட்டில் இருந்தவர்களையும் ஷெட்டில் பிடித்தவர்களையும் அடைத்தார்கள். நெருக்கி, ஒருவர்மேல் ஒருவராக. ஒரு அம்மா இவருடைய ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "டிரைவர் அண்ணே, வழியில எங்கயாவது மெதுவா ஓட்டுங்க, எம்புள்ள குதிச்சு ஓடிடட்டும்" என்று கதறினாள். இவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். உள்ளே துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனதை நான் பார்த்தேன். ஆனால் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன் புள்ள" என்று என்னிடம் சொன்னார்.

செட்டியார் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பஸ் போனது. வளைவில் ஹாரன் இரண்டு தடவை கேட்டது.

பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, பூசையில் வைத்ததை அன்றைக்கே எடுத்ததுதான் குத்தம் என்றார்கள். எனக்கு வெறி வந்தது. "எந்திரிச்சுப் போங்கடி எல்லாரும்! சாமி குத்தமாம்! சாமி இருந்தா அம்மாசி எங்கே?" என்று கத்தினேன். பரஞ்சோதி மட்டும் போகவில்லை. சுரண்டியை மடியில் வைத்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன் செய்த தப்பு என்ன? வாயை மூடிக்கொண்டான். அதைத்தானே என் புருஷனிடம் நான் கெஞ்சினேன்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கோப்பித்தூள் கிடையாது. வறுத்த சோளத்தைத்தான் இடித்து வைத்திருந்தேன். அவர் சொன்னதைச் செய்கிற மனுஷன்தானே, சத்தியத்தைத் தவிர. தண்ணீர் கொதித்தது.

இன்ஜின் சத்தம் கேட்டது. இந்த ஊரில் வேறு எந்த வண்டிக்கும் அந்தச் சத்தம் கிடையாது. வளைவைத் தாண்டி வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறார், நான் தடுத்ததை மனசில் வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே உப்புத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னாலேயே பரஞ்சோதி எழுந்து நின்றிருந்தான்.

பஸ் உள்ளே வந்து நின்றது. பின்னால் ஒரு சீட்டிலும் ஆள் இல்லை. டிரைவர் சீட்டிலிருந்து ஒரு ஜப்பான் சிப்பாய் இறங்கினான். சின்னப் பையன், மீசைகூட முளைக்கவில்லை. என் புருஷனுடைய தொப்பி உள்ளே ஸ்டியரிங்கில் தொங்கியது.

"டிரேபர் மானா?" என்று கேட்டேன். டிரைவர் எங்கே என்று. அவனுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். சீட்டைக் காட்டினேன், தொப்பியைக் காட்டினேன், கத்தினேன்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சந்தோஷமாகத் தலையை ஆட்டி, விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"சாயா டிரேபர்" என்றான்.